கவிழ்க்காத சட்டி

விரல் உள்ளே போய்விட்டது. அழுத்தவில்லை, சும்மா தொட்டுத்தான் பார்த்தாள் பிரகாசி. தினமும் தொடுகிற இடம்தான், மண்ணுக்கு மேலே பருத்துத் திரண்டு நிற்கிற செடியின் அடித்தண்டு. நேற்றுவரை கருங்கல் மாதிரி இருந்தது. இன்று மதியம் சோறு தின்ற கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டால், பழுத்த சப்போட்டா மாதிரி தோல் விலகி, நகம் முழுக்க உள்ளே போய்விட்டது. உடனே எடுக்கவும் தோன்றவில்லை. வராந்தாவின் கிரில் கம்பியைத் தொட முடியாத வெயில், சிமெண்டுத் தரை கொதிக்கிறது, செடிக்குள் மட்டும் யாரோ உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிக்குள் ஏதோ துடித்தது. துடிப்பு என்றால் துடிப்பேதான், விட்டு விட்டு, மெல்ல. மகன் ரெக்ஸன் பிறந்த புதிதில் அவன் உச்சிக்குழி இப்படித்தான் துடிக்கும், எண்ணெய் வைக்கிற விரலுக்கு அடியில். இதுக்குக் கீழ எலும்பு கெடையாது தாயி, பாத்துத் தொடு என்று நர்சம்மா சொன்ன நாளிலிருந்து, அந்தக் குழி மூடுகிறவரை, பிள்ளையின் தலையைத் தொடும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தொட்டிருக்கிறாள். இப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரலை வெளியே இழுத்தாள். துடிப்பு விரலோடு வந்துவிட்டது. அப்படியென்றால் அது தன் நாடிதான். தன் நாடிதானே? இன்னொரு தடவை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் விடவில்லை. நகத்தில் அப்பியிருந்த பழுப்பு நிறத்தை முந்தானையில் துடைத்தாள். பிறகு, முந்தானையில் துடைத்தது தப்போ என்று நினைத்தாள்.

மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மேலே அமோகம். கொப்புக்குக் கொப்பு பூ, ஓரத்தில் ரத்தச் சிவப்பும் நடுவில் பால் வெள்ளையுமாக, இலையே தெரியாத அளவுக்கு. அடீனியம் என்று பேர் சொன்னான் ரெக்ஸன். பாலைவனத்து ரோசாம்மா, தண்ணியே வேண்டாம் இதுக்கு, வெயில் இருந்தாப் போதும். போன லீவுக்குக் கப்பலிலிருந்து வந்தவன், ஒரு நாள் பைக்கில் முன்னால் வைத்து இதைக் கொண்டுவந்து இறக்கினான். இறக்கின அன்றைக்கே அவளுக்கு அதைப் பார்க்க ஒருமாதிரித்தான் இருந்தது. வேரை மண்ணுக்கு மேலே தூக்கி வளர்த்திருக்கிறார்கள், அது ரெண்டாகப் பிரிந்து, தொடையும் முழங்காலுமாகத் திரண்டு, இடுப்பு மாதிரி ஒரு இடத்தில் சேர்ந்து, அதற்குமேல் கொப்பு. "ஆள் மாதிரி இருக்குல்லா எம்மா, இடுப்புக்கு மேல இல்லாத ஆளு" என்று சிரித்தான். "வாயக் கழுவுலே" என்றாள் இவள். "நீதான் எந்நேரமும் ரெக்ஸன் ரெக்ஸன்னு பொலம்புவியே, இந்தா உனக்கு ஒரு ரெக்ஸன், ரெண்டு காலையும் ஊண்டி நிக்கான் பாரு. இவன் நல்லா இருந்தா நானும் நல்லா இருக்கேன்னு வச்சுக்கோ. சும்மா சும்மா போன் போடாத." விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு, அப்பனைப் போல. ஆனால் விளையாட்டாய்ச் சொன்னால் அந்தச் சொல் எங்கே போகும்? சொல் காற்றிலே கரைந்தா போகிறது? பூசையில் சாமியார் சொல்கிற சொல்லுக்கு அப்பம் ஆண்டவராகிறதே. அவள் அன்றைக்கே பயந்துவிட்டாள். பயந்ததை யாரிடமும் சொல்லவில்லை, செடியிடம்கூட.

தண்ணி ஊத்தியே கொன்னுராத என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனான். மண்ணு காஞ்சு வெடிச்சாத்தான் ஊத்தணும். அவள் ஊற்றவில்லை, மாதா சத்தியமாக ஒரு செம்பு தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினது எல்லாம் தீர்த்தம். மாதா உருவத்திலே செய்த பிளாஸ்டிக் பாட்டில், தலையில் நீலக் கிரீடம், அந்தக் கிரீடம்தான் மூடி. கோயில் வாசல் டிரம்மில் மந்திரித்து வைத்திருக்கிற தண்ணீரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிடித்து வருவாள். காலையில் செபமாலை சொல்லி முடித்து, திரு இருதயப் படத்தின் முன்னால் எரிகிற சிவப்பு பல்பைத் தொட்டுக் கும்பிட்டு, மதுரையில் கட்டிக்கொடுத்த மகள் மெர்சலினுக்காக நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, பிறகு வராந்தாவுக்கு வந்து செடியின் காலடியில் ஒரு மூடி தீர்த்தம், பிதா சுதன் பரிசுத்த ஆவி. சாயங்காலம் கோயிலில் திரிகால செப மணி அடிக்கையில் ஒரு மூடி. டிவியில் அவன் போயிருக்கிற கடல் பக்கம் கப்பலுக்கு ஆபத்து என்று சொன்ன பிற்பாடு மதியமும் ஒரு மூடி. அது தண்ணீரா என்ன. செடிக்கா ஊற்றினாள், பிள்ளைக்கல்லவா. அப்புறம் சட்டிக்கு உள்ளே வேறு காவல் இருக்கிறது. அவன் புறப்படுகிற அன்று மண்சட்டிக்கு மாற்றும்போது, அடி ஓட்டைமேல் ஒரு ஓட்டுச்சில்லு வைத்தான், போன் வந்தது என்று எழுந்து போனான், அந்த நேரத்தில் அவள் சில்லை எடுத்துவிட்டுத் தன் கழுத்தில் கிடந்த பெரிய பதக்கத்தைக் கழற்றி வைத்தாள். மாதா கை விரித்து நிற்கிற பதக்கம், கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது. அச்சாகப் பொருந்தியது, அளவெடுத்த மாதிரி. அவன் வந்து பார்க்காமலே மண்ணைப் போட்டுவிட்டான். மாதா மேல நிக்கான், இனி என்ன என்று அன்றைக்கு எவ்வளவு நிம்மதி. இன்றைக்கும் மாதா மேல்தானே நிற்கிறான். பிறகு ஏன் இடது கால் இப்படி. இடது காலா? எதிரே நிற்கிறவனுக்கு இது இடதா வலதா. அவள் எழுந்து, சட்டிக்குப் பின்னால் போய், செடி பார்க்கிற திசையில் தெருவைப் பார்த்து நின்று, தன் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். இடதுதான்.

போனை எடுத்தாள். காலையில் அனுப்பின வாய்ஸ் மெசேஜுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிக். நேற்று அனுப்பினதுக்கும் ஒன்று. அதற்கு முந்தினதுக்கும். ஒரு டிக் என்றால் இங்கேயிருந்து போய்விட்டது, அங்கே போய்ச் சேரவில்லை என்று மெர்சலின் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். போய்ச் சேராத பேச்சு எங்கே நிற்கும்? சாப்பிட்டியா ராசா, உடம்பப் பாத்துக்கோ ராசா என்று தன் குரல்கள் எல்லாம் கடலுக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக, இறங்க இடம் இல்லாத பறவை மாதிரி நின்றுகொண்டிருப்பதாக அவளுக்கு அடிக்கடி தோன்றும். நேற்று மகள் போனில் வைதாள். "எம்மா, நடுக்கடல்ல சிக்னல் கெடக்காதும்மா. இது புதுசா? ஒவ்வொரு ட்ரிப்புக்கும் இதேதான்." "அதில்லட்டி, செடி ஒரு இலைய மஞ்சளாக்கிருக்கு." "செடிக்கும் அண்ணனுக்கும் என்னம்மா சம்பந்தம். அவன் சொன்ன கிறுக்குப் பேச்சத் தூக்கி வச்சுக்கிட்டு. ஆத்தா, நீ செபம் பண்ணு, நல்லா பண்ணு, செடியக் கும்புடாத." கும்பிடுகிறாளா. அதுதான் முள்ளாகத் தைத்தது. அந்நிய தேவர்களை ஆராதியாதே. இல்லை, கும்பிடவில்லை, காலையில் எழுந்ததும் முதல் முகமாக அதைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அதற்கு ஏது முகம்? இடுப்போடு நிற்கிற ஆள். முகம் இருக்க வேண்டிய இடத்தில்தான் அத்தனை பூவும் பூத்திருக்கிறது.

"என்ன மைனி, இன்னைக்கு ரொம்ப நேரமா தவம்?" கிரிலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஜெனோவா. குடையும் பையுமாக, ரேசன் கடைக்குப் போய்விட்டு வருகிறவள். "பொழுதன்னைக்கும் அதுக்கிட்டயே உக்காந்திருக்கீயளே, அது என்ன மாசாமாசம் உங்களுக்குச் சம்பளமா அனுப்புது." பிரகாசி சிரித்தாள் என்றுதான் நினைத்துக்கொண்டாள், உதடு அசைந்ததோ என்னவோ. அழுகின பக்கத்தை மறைத்து நகர்ந்து உட்கார்ந்தாள். எதற்கு மறைத்தாள்? ஜெனோவா நல்லவள்தான். ஆனால் அவள் கண்ணில் பட்டுவிட்டால், அது நடந்தது ஆகிவிடும். "பூவப் பாத்தீளா, யப்பா, கல்யாண வீட்டு ஆர்ச்சு மாதிரில்லா இருக்கு. புள்ள அங்க சந்தோசமா இருக்கான்னு அர்த்தம் மைனி." "ஆமா." "எங்க வீட்டு முருங்க போன வருசம் இப்படித்தான் பூத்துக் கொட்டிச்சு. நான்கூட அவருகிட்ட சொன்னேன், இந்தத் தடவ சாம்பாருக்குப் பஞ்சமில்லன்னு." "அப்புறம்?" "அப்புறம் என்னத்த, அடில பூச்சி விழுந்து ஒரே வாரத்துல சாஞ்சிட்டு. சாவப்போற மரம்தான் அப்படிப் பூக்குமாம், எங்க வீட்டுக்காரரு பெறகு சொல்லுதாரு, முன்னாலயே சொல்ல வேண்டியதுதான. சரி மைனி, அரிசி கனக்கு, வாறேன்." பேச்சோடு பேச்சாகப் போய்விட்டாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது. குடை தெருமுனையில் திரும்புகிறவரை பிரகாசி பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று இல்லை. ஒரு பூ, பழுப்போ வாட்டமோ இல்லாத நல்ல பூ, தானாகக் கழன்று அவள் மடியில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது, ஒரு பூவுக்கு இருக்கக்கூடாத சத்தம்.

என்ன செய்யவேண்டும் என்று தெரியாமலா இருக்கிறது. அதையும் சொல்லித்தான் போயிருக்கிறான். அழுகினா பயப்படாதம்மா, சட்டியக் கவுத்துச் செடிய எடுத்துரு, வெள்ள வார வரைக்கும் வெட்டிக்கிட்டே வா, எரக்கப்பட்டுக் கொஞ்சம் விட்டேன்னு வையி, மேல ஏறிரும். வெட்டி நிழல்ல தொங்க விட்டுரு, காஞ்சதும் திரும்ப நடலாம், இது லேசுல சாவாது. வெட்டுவதுகூட இருக்கட்டும். சட்டியைக் கவிழ்க்க வேண்டும். அதில்தான் அவள் புத்தி போய்ப் போய் முட்டித் திரும்பியது. கடலில் ஆள் இருக்கையில் வீட்டில் சட்டியைக் கவிழ்க்கக் கூடாது. வாக்கப்பட்டு வந்த மறுநாள், சோத்துப்பானையைக் கழுவித் திண்டில் கவிழ்த்தாள், பின்னாலிருந்து வந்த மாமியார் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறகுதான் சொன்னாள்: எம்புள்ள வள்ளத்துல போயிருக்கான், நீ வீட்டுல கவுத்துப் போடுத. அதோடு சரி. பானை, செம்பு, சருவம், பிள்ளைகள் மண்ணில் விளையாடுகிற சிரட்டைகூட நிமிர்ந்தே இருக்கும். மழை பெய்தால் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும், கொசு வரும், வரட்டும். புருசன் பர்னபாஸ் அத்தனை வருசம் கடலுக்குப் போய் அத்தனை தடவையும் கரைக்கு வந்தான். வந்தவன், ஒருநாள் மீன் ஏலக்கூடத்தில் தரைமேல் நின்று பேசிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் முதலில் அடுக்களைக்குள்தான் ஓடினாள், எது கவிழ்ந்து கிடக்கிறது என்று பார்க்க. எல்லாம் நிமிர்ந்துதான் இருந்தன. அந்த நிமிர்ந்த பாத்திரங்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு தன்னைப் பார்த்தது அவளுக்கு இன்றும் கனவில் வரும். அப்படியானால் அந்தப் பேச்சில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லைதான். ஆனால் கடல் அவனைத் தொடவில்லையே, கரைதானே எடுத்தது. கடல் விசயத்தில் மாமியார் சொன்னது ஒருநாளும் தப்பவில்லையே.

கவிழ்க்காமல் எடுக்கலாமா என்று கரண்டிக் காம்பால் மண்ணைத் தோண்டினாள். மண் மண்ணாக இல்லை, கஞ்சிச் சேறாக இருந்தது. எப்படி? தண்ணீரே ஊற்றவில்லையே. காம்பு கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. செடியின் இடுப்பைப் பிடித்து மெல்ல அசைத்தால், அழுகின கால் கொழகொழ என்று அவள் கைக்குள்ளேயே நகர்கிறது, எதுவும் மேலே வரவில்லை, கீழே யாரோ அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டியை உடைத்துவிடலாமா. கைச் சுத்தியல் இருக்கிறது. உடைப்பது கவிழ்ப்பது ஆகாது. ஆனால் சட்டி உடைக்கிறது எந்த வீட்டில், எப்போது? தெருவில் போகிற பிணத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியாதா. உடைக்கக் கூடாது. கவிழ்க்கக் கூடாது. விடவும் கூடாது. பழுப்பு, இடது தொடையைத் தாண்டி இடுப்புக்கு வந்திருந்தது, சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது இங்கே இல்லையே, இவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியிருக்கிறது, இடுப்பில் ஒரு விரல் அகலம்தான் மிச்சம், அதைத் தாண்டினால் மற்றக் காலும். அருள்நிறைந்த மரியாயே என்று ஆரம்பித்தாள், எப்போதும் தானாக ஓடுகிற செபம், எங்கள் மரண நேரத்திலும் என்கிற இடத்தில் வந்து நின்றுகொண்டது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அதே இடம். எரக்கப்பட்டுக் கொஞ்சம் விட்டேன்னு வையி. அவன் குரல். போனில் வராத குரல் காதில் வந்தது. ரெண்டு காலும் போறதுக்கு ஒண்ணோட போவட்டும் மாதாவே. அப்படி நினைத்தாளா, சொன்னாளா? சொல்லிவிட்டாள். வாய்விட்டுத்தான் சொல்லியிருக்கிறாள், வராந்தாவில் அந்தக் குரல் இன்னும் இருந்தது. சொன்னதைத் திருப்பி எடுக்க ஒரு வழியும் தெரியாததால், கையை நீட்டிச் சட்டியைக் கவிழ்த்தாள்.

கறுப்பாகத் தண்ணீர் வந்தது. சொட்டுச் சொட்டாக இல்லை, பானையிலிருந்து ஊற்றுகிற மாதிரி மண்ணுக்கு முன்னால் தண்ணீர் வந்து, வராந்தாச் சரிவில் ஓடி, வாசற்படியில் இறங்கியது. நாட்பட்ட சிப்பி நாற்றம். பிறகு செடியோடு மொத்த மண்ணும் ஒரே கட்டியாக விழுந்தது. கவிழ்ந்து கிடந்த சட்டியின் அடி ஓட்டை வழியாக வெளிச்சம் வரவில்லை. உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். பதக்கம். ஓட்டையை மூடிப் பிடித்துக்கொண்டு, மூடியாகவே ஆகியிருந்தது, நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு சொட்டு வெளியே போயிருக்காது. காலையில் ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி, மதியம் ஒரு மூடி, அத்தனையும் இவள் பிள்ளையின் காலடியிலேயே நின்றிருக்கிறது, அத்தனை செபமும். பதக்கத்தைச் சேலையில் துடைத்தாள். விரித்த கை வந்தது, முக்காடு வந்தது. முகம் வரவில்லை, கறுப்பாகவே இருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தாள். வரவில்லை. நீயும் தாய்தானே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க நினைத்துக் கேட்காமல், அதைத் திரும்பக் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டாள். ஈரமாக நெஞ்சுக்குழியில் ஒட்டிக்கொண்டது.

மீன் அறுக்கிற கத்தியைக் கழுவி எடுத்து வந்தாள். முதல் வெட்டுக்கு ஒன்றுமே தெரியவில்லை, வாழைப்பழம் மாதிரி வந்துவிட்டது. பழுப்பு. அடுத்த துண்டும் பழுப்பு. கொஞ்சம்தான் ராசா, இந்தா ஆச்சு, கண்ண மூடிக்கோ. தடுப்பூசி போடும்போது சொல்லுகிற அதே பேச்சு, அதே குரல், வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. முழங்கால் போனது. தொடை போனது. பழுப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தபோது கை நின்றுவிட்டது, போதும், இது போதாதா? வட்டத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு பழுப்பு வளையம், மோதிரம் போல. இரக்கப்படாதே. மோதிரத்தையும் அறுத்தாள். இப்போது கத்தி கடினமான எதிலோ போனது, கரகரவென்று ஒரு சத்தம், முழுசும் வெள்ளை, தேங்காய்ப் பத்தை மாதிரி ஈரமான, உயிருள்ள வெள்ளை. அதிலிருந்து பிசுபிசுவென்று நீர் கசிந்து கத்திப் பிடிவரை வந்தது. விசம்மா, கையக் கழுவிரு என்று சொல்லியிருந்தான். கழுவினாள். சோப்புப் போட்டு, திரும்பத் திரும்பக் கழுவினாள். நிழலில் தொங்கவிட வீட்டில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது, நடு அறையில் தொட்டில் கட்டின கொக்கி. இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டின கொக்கி, துருப்பிடித்து, பெயிண்ட் அடிக்கிறவன்கூட அதை விட்டுவிட்டு அடித்திருந்தான். பழைய சேலையில் ஒரு கிழிசல் எடுத்து இடுப்பில் கட்டி, நாற்காலி போட்டு ஏறித் தொங்கவிட்டாள். ஒற்றைக் காலோடு அது மெல்லச் சுற்றியது. ஒரு பக்கம் திரும்பி நின்று, யோசித்து, மறுபக்கம் சுற்றியது. மிச்சப் பூ அப்படியே இருந்தது, ஒன்றும் வாடவில்லை.

திரிகால மணி அடித்தபோதுதான் சாயங்காலம் ஆகிவிட்டது தெரிந்தது. கால் தானாக எழுந்து திரு இருதயப் படத்துப் பீடத்துக்குப் போயிற்று, கை தானாக மாதா பாட்டிலை எடுத்தது, நீலக் கிரீடத்தைத் திருகி ஒரு மூடி ஊற்றியும் ஆகிவிட்டது. ஊற்றிய பிறகு எங்கே ஊற்றுவது என்று நின்றாள். மணி அடித்து முடிகிறவரை மூடியைக் கையில் ஏந்திக்கொண்டே நின்றாள். பிறகு அதைத் தானே குடித்தாள். பிளாஸ்டிக் வாசமும் உப்பும். வாசற்படியில் கறுப்புத் தண்ணீர் காய்ந்து கடல் வரைபடம் மாதிரி ஒரு கோடு விட்டிருந்தது, அதைக் கழுவவேண்டும், கவிழ்த்த சட்டியை நிமிர்த்த வேண்டும், மறந்தே போய்விட்டாளே, இவ்வளவு நேரமாகக் கவிழ்ந்தே கிடக்கிறது. வராந்தாவுக்கு ஓடினாள். சட்டியில் கையை வைத்தபோது போன் அடித்தது.

"எம்மா." இரைச்சல், எஞ்சின் சத்தம், அதற்கு அடியில் அவன். "எம்மா, கரை தெரியுது, டவர் கெடச்சிருக்கு. ரொம்ப நேரம் நிக்காது. நல்லா இருக்கியா?" "ராசா." அவ்வளவுதான் வந்தது. "அழுவாத, நான் நல்லாத்தான் இருக்கேன். செடி எப்படி இருக்கு, பூத்துச்சா? தண்ணி ஊத்தலல்லா?" "தண்ணி ஊத்தல ராசா." உள்ளே நடு அறையில் அது சுற்றுவது நின்று, வெட்டின வெள்ளைப் பக்கம் வாசலைப் பார்த்து இருந்தது. "ராசா, ஒன் காலு எப்படி இருக்கு?" இரைச்சல். எஞ்சின். கடல் போலவும் இருந்தது, மூச்சு போலவும் இருந்தது. "ஏம்மா கேக்க?" குரல் மாறியிருந்ததா, தூரம்தான் மாற்றிவிட்டதா? "சும்மாதான். இடது காலு." போனைக் காதோடு அழுத்தினாள், நெஞ்சில் பதக்கம் குளிர்ந்தது. "நாலு எட்டு நடந்து காட்டு ராசா. ஒண்ணும் சொல்ல வேண்டாம். அம்மைக்குக் கேக்கட்டும்." "கிறுக்கி" என்று சிரித்தான், சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு ஒரு அசைவு, துணி உரசல், இரும்புத் தளத்தில் ஒரு காலடி விழுந்தது, டங்கென்று, தெளிவாக. பிரகாசி இன்னொரு கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு, கவிழ்ந்த சட்டிக்குப் பக்கத்தில் அப்படியே குந்தி, அடுத்த காலடிக்குக் காது கொடுத்திருந்தாள்.